படத்துக்கு வெளியே நின்றவர்கள்



கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் நான் போட்ட பாலைவனப் படங்களைப் பார்த்து நிறையப் பேர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். "சார், ஒரு ஈ காக்கா கூட இல்லையே, இப்படியும் ஒரு இடமா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. வாத்தியார் புத்தி, பாடமாகவே நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள். நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றும் இதில் இருக்கிறது.

நாங்கள் போனது டெத் வேலி தேசியப் பூங்கா. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் உப்புத் தரை, சுற்றிலும் மலை. 1913 ஜூலை 10-ஆம் தேதி இங்கே ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. உலக சாதனையாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் போனது பிப்ரவரி மாதம் என்பதால் காலையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

ஜாப்ரிஸ்கி முனை என்ற இடத்தில் சூரிய உதயம் பார்க்க விடியுமுன்பே போய்விட்டோம். ஏற்கெனவே பத்திருபது பேர் டிரைபாட் நட்டுக் காத்திருந்தார்கள். நானும் மாப்பிள்ளை கொடுத்த கேமராவோடு இடம் பிடித்தேன். மஞ்சள் மண் மடிப்புகளில் வெளிச்சம் இறங்கும் நேரம், என் வீட்டுக்காரி சால்வையைப் போர்த்திக்கொண்டு சரியாகக் குறுக்கே வந்து நின்றார். "கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல விழற" என்றேன். "நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டு, இப்ப தள்ளி நில்லுன்னா எப்படி? நானும்தானே இங்க வந்திருக்கேன்" என்றார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை, "அத்தை சொல்றது நியாயம்தானே மாமா" என்று சிரித்தார். ஆனாலும் தள்ளி நின்றார். படம் நன்றாக வந்தது. நீங்கள் அதிகம் பாராட்டியது அந்தப் படத்தைத்தான்.

அன்று மதியம் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் போனோம். அங்கே டிம்பிஷா ஷோஷோனி என்ற பழங்குடி மக்களைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள். படித்துவிட்டு வெளியே வந்தபோது, காலையில் நான் சொன்ன வார்த்தை என்னையே உறுத்தியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தேடித் தேடிப் படித்தேன்.

அமெரிக்கப் பாலைவனத்தைப் படமெடுத்த முன்னோடிகளில் ஒருவர் திமோத்தி ஓ'சல்லிவன். உள்நாட்டுப் போரின் பிணக்களங்களைப் படமெடுத்தவர். 1867-இல் கிளாரன்ஸ் கிங் தலைமையில் போன அரசு நில ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அன்றைக்கு ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். பாலைவன வெயிலில் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இருட்டறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் அந்த வண்டியையே ஒரு படம் எடுத்தார். வெறும் மணல்மேடு, நடுவில் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி, அங்கிருந்து கேமரா வரை அவர் நடந்து வந்த காலடித் தடம். தான் வந்து போனதை மறைக்காத அந்தப் படத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

1873-இல் அவர் அரிசோனாவின் கேன்யன் டி ஷேய் பள்ளத்தாக்கில், பாறைக் குடைவுக்குள் நிற்கும் பழங்கால வீடுகளைப் படமெடுத்தார். சுமார் எழுபது ஆண்டு கழித்து, உள்துறை அமைச்சகத்துக்காகப் படமெடுக்கப் போன ஆன்சல் ஆடம்ஸ் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று அதே காட்சியை எடுத்தார். இரண்டுமே புகழ்பெற்ற படங்கள். இரண்டிலும் பார்ப்பவர் மனதில் பதிவது கைவிடப்பட்ட வீடுகளும் அவற்றுக்கு மேல் எழும் பிரம்மாண்டமான பாறைச் சுவரும்தான்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் ஊர். 1863–64-இல் கிட் கார்சன் தலைமையில் வந்த படை அவர்களின் பயிர்களையும் பீச் மரத் தோப்புகளையும் அழித்து, மக்களை நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடத்தியே நியூ மெக்சிகோவுக்குக் கொண்டுபோனது. 1868-இல் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். ஓ'சல்லிவன் போனது அதற்கு ஐந்து வருடம் கழித்து. அவர் நவஹோ நெசவாளர்களையும் தறியோடு சேர்த்துப் படமெடுத்திருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது அந்தக் கைவிடப்பட்ட வீடுகளின் படத்தைத்தான்.

படங்கள் நல்லதும் செய்தன, அதை மறுக்க முடியாது. தெற்குக் கலிபோர்னியாவில் மினர்வா ஹாய்ட் என்ற அம்மையார் இருந்தார். பணக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் வைக்கக் கள்ளிச் செடிகளையும் யோஷுவா மரங்களையும் லாரி லாரியாகப் பெயர்த்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல் போராடினார். ஸ்டீபன் வில்லார்ட் என்ற புகைப்படக்காரரின் படங்களை ஆல்பமாக்கி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1936-இல் ஜோஷுவா ட்ரீ தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால், 'வெறும் கட்டாந்தரை, இதில் காக்க என்ன இருக்கிறது' என்றுதான் அரசு நினைத்திருக்கும். அதே பூங்காவின் ஓரத்தில் மாரா என்ற பனைமரச் சோலை இருக்கிறது. செரானோ, செமெஹுவேவி மக்கள் அந்த நீரை நம்பி வாழ்ந்த இடம். பூங்கா வந்தபோது அங்கே அவர்கள் இல்லை.

டெத் வேலிக்கு வருகிறேன். 1849-இல் தங்கம் தேடிப் போன கூட்டம் ஒன்று வழிதவறி இங்கே சிக்கித் தவித்தது. அவர்களால் வந்த பெயர்தான் 'சாவுப் பள்ளத்தாக்கு'. டிம்பிஷா மக்களுக்கு அது சாவின் இடமே அல்ல. அந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் செம்மண் காவியை வைத்துத்தான் அவர்களுடைய பெயரே. கோடையில் மலைக்கு ஏறி பைன் கொட்டை சேகரிப்பார்கள். குளிரில் கீழே இறங்குவார்கள். மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கி உண்பார்கள். வெயிலோடு சண்டை போடாமல் வாழக் கற்றவர்கள்.

1933-இல் அரசு இதைத் தேசிய நினைவிடம் ஆக்கியது. அவர்களைக் கேட்டு அல்ல. சில ஆண்டுகளில் ஃபர்னஸ் கிரீக் அருகே சுமார் 40 ஏக்கரில் மண் வீடுகள் கட்டி அவர்களை அதற்குள் ஒதுக்கினார்கள். அதே காலத்தில்தான் எட்வர்ட் வெஸ்டன் போன்ற பெரிய கலைஞர்கள் இங்கே வந்து படமெடுத்தார்கள். 1948 வாக்கில் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த விடியற்காலை மணல்மேட்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. 1950-களின் கடைசியில் பூங்கா நிர்வாகம் ஒரு கொள்கை வகுத்தது: ஆளில்லாத வீடு இடிக்கப்படும். அந்த மக்கள் வழக்கம்போலக் கோடைக்கு மலைக்குப் போனபோது, பூட்டிக் கிடந்த மண் வீடுகளின் மேல் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். மண் வீட்டைத் தண்ணீரால் கரைப்பது. அதுவும் தண்ணீரே அபூர்வமான ஊரில். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

ஆனாலும் சிலர் போகவில்லை. போலின் எஸ்டீவ்ஸ் போன்ற பெண்கள் முன்னால் நின்று போராடினார்கள். 1983-இல் அரசு அவர்களை ஒரு பழங்குடியாக அங்கீகரித்தது. 1994-இல் டெத் வேலி தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2000-இல் ஒரு தனிச் சட்டம் வந்து 7,500 ஏக்கருக்கும் மேல் நிலம் அவர்களுக்குத் திரும்பியது. அதில் ஃபர்னஸ் கிரீக்கில் மட்டும் 314 ஏக்கர். பூங்காவின் நடுவிலேயே அவர்கள் கிராமம் இன்றும் இருக்கிறது.

நான் படமெடுத்த மேட்டிலிருந்து அந்தக் கிராமம் காரில் கொஞ்ச நேரத் தூரம்தான். எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் பாராட்டிய படங்களிலும் அது இல்லை.

இப்போது என் தவறு. காலண்டரில் வந்த ஒரு மணல்மேட்டுப் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து, 'பாலைவனம் – மக்கள் வாழாத நிலப்பரப்பு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பரீட்சையில் அப்படியே எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன். நம் சங்கப் பாடல்களின் பாலையில் எயினரும் இருப்பார்கள், வழிப்போக்கரும் இருப்பார்கள், உடன்போகும் காதலரும் இருப்பார்கள்.  தமிழாசிரியர் பக்கத்து அறையில் அதை நடத்திக்கொண்டிருந்தபோது நான் இந்தப் பக்கம் இப்படி எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

படம் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் விடப்போவதில்லை. உங்களில் பலர் விடுமுறைக்கு மலைக்கும் காட்டுக்கும் போய் அழகழகான படங்கள் போடுகிறீர்கள். ஆசையாகப் பார்க்கிறேன். இனிமேல் படத்தோடு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: அந்த இடத்தில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று. தெரியாவிட்டால் அங்கேயே யாரையாவது கேளுங்கள்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் மணல்மேட்டுக்கு மறுபடியும் போனோம். என் வீட்டுக்காரி தானாகவே ஒதுங்கிப் போய் நின்றார். கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தேன். படம் கொஞ்சம் ஆடிப்போய்விட்டது, சால்வை காற்றில் பறந்து முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. கீழே போட்டிருப்பது அதுதான். மேட்டில் தெரியும் காலடித் தடம் எங்கள் இருவருடையது.