குளக்கட்டுக் காவல்

வன்னியில் புயலின் காற்று ஓரிரவில் கடந்துவிடும். வயலையும் வீட்டையும் கொண்டுபோவது அதன் பின்னால் வரும் வெள்ளந்தான். ஒட்டுசுட்டான் பக்கத்தில் நான் பிறந்த ஊரில் மாரிக்கு ஆயத்தமாவதென்றால் முதல் வேலை குளக்கட்டு, அடுத்ததுதான் கூரை.

ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு கட்டுக்குப் போயாக வேண்டும். எலிவளையைத் தோண்டி மண் போட்டு இறுக்குவார்கள், மிகைநீர் வெளியேறும் வான் பாயும் வழியில் வளர்ந்த பற்றையை வெட்டுவார்கள். இந்தப் பொறுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832இல் வெள்ளைக்காரர் ஒழித்ததும் குளங்களைப் பார்க்க ஆளில்லாமற் போயிற்று. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர் வழமைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. பின்னர் 1958இன் நெற்காணிச் சட்டம் வயல்நீரை மேற்பார்த்த வயல் விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. எங்கள் ஊரில் ஆட்கள்தான் மாறினார்கள். மழை இரவில் அரிக்கன் லாம்போடு கட்டில் நடப்பது மாறவில்லை.

வீட்டுக்குள் எல்லாம் அம்மம்மாவின் ஆட்சி. காணி உறுதி பிஸ்கட் ரின்னுக்குள், நெருப்புப்பெட்டி அரிசிப் போத்தலுக்குள், விறகு பரணில். நெல் கொம்பறையில் இருக்கும். தடி வரிந்து மண் பூசி, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய சேமிப்பறை அது. அதன் கூரையைத்தான் முதலில் வேய்விப்பா. "வீடு நனைஞ்சாக் காயும், நெல்லு நனைஞ்சா முளைக்கும் பிள்ளை" என்பா.

1964 டிசம்பர் 22ஆம் திகதி வந்த புயலுக்குப் பெயர் இல்லை. இந்தக் கடலின் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. வவுனியாவைக் கடந்துபோன அந்தக் காற்று அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. முல்லைத்தீவு அப்போது வவுனியா மாவட்டத்துக்குள் இருந்தது. எங்கள் வீட்டுக் கிடுகுக் கூரை முகட்டோடு போய்விட்டது. முதிரைக் கப்புகளும் கொம்பறையும் நின்றன. தைப்பொங்கலுக்கு முன் வீடு வேய்ந்தாயிற்று. அயலவர்கள் கிடுகு தந்தார்கள், வேலைக்கு வேலை மாறிக்கொண்டார்கள். மண்ணும் ஓலையும் கொண்ட வீட்டின் பலம் இதில்தான் இருந்தது. விழும், ஆனால் எழுப்பக் காசு தேவையில்லை. கல்வீடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பறக்கும் கூரைத் தகரம் கிடுகைப் போன்றதல்ல, ஆளை வெட்டும்.

2008 நவம்பரில் நிசா புயல் வந்தபோது அந்த ஒழுங்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கட்டுகளைக் காக்க வேண்டிய நாங்கள் போரால் இடம்பெயர்ந்து, தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாளுக்குள் இருந்தோம். பெரும்பாலான சர்வதேச உதவி நிறுவனங்கள் செப்டெம்பரிலேயே வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தன. பதுங்குகுழிக்குள் தண்ணீர். இறங்கவும் முடியாது, வெளியே நிற்கவும் முடியாது. உரப்பைகளில் ஈரமண்ணை நிரப்பித் தறப்பாளைச் சுற்றி வரம்பு கட்டினோம். காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன்.

மீள்குடியேறிய பிறகு 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த நேரம் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. கீழே கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவிப் புயலின் காற்று நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை மண்சரிவால் சிதைத்தபோது வன்னியும் நீரில் நின்றது.

வெள்ளம் வடிந்த பிறகு செய்ய வேண்டியவை இன்றும் பழையவைதான். கிணற்றை இறைத்துக் குளோரின் போடவேண்டும், பாம்பு பார்த்துப் பாயை விரிக்கவேண்டும். காலபோக நெல் அழுகிவிட்டால் அந்தப் போகத்தில் மறுபடி விதைக்க நாளில்லை. அதனால்தான் கட்டு உடைவது வீடு உடைவதைவிடப் பெரிய இழப்பு.

இன்று எச்சரிக்கை கைபேசிக்கு வருகிறது. அது மாவட்டத்துக்குப் பொதுவாகச் சொல்வது. 200 ஏக்கருக்குட்பட்ட வயல்களுக்குப் பாயும் ஊர்க்குளங்கள் கமநலத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. அவற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எந்த இடத்தில் கசிகிறது என்பது கட்டில் நடப்பவருக்குத்தான் தெரியும். கார்த்திகை, மார்கழி முழுக்க அந்த இரவுக் காவலுக்குக் கூலியும் ரோச் லைட்டும் மழையங்கியும் கொடுத்து, கமக்கார அமைப்புகளின் வேலையாக அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.