ஒன்பதா, பத்தா?

மூவிணைய பியூட்டைல் கார்போகேஷனுக்கு எத்தனை ஹைப்பர்கான்ஜுகேஷன் அமைப்புகள் உண்டு? கரிம வேதியியல் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் வினா இது. நேர்மின் சுமை தாங்கிய கார்பனுக்கு அடுத்த கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்களை எண்ணிய மாணவன் ஒன்பது என்கிறான். அவன் தோழனோ மூல அமைப்பையும் கூட்டிப் பத்து என்கிறான். இருவர் கூற்றுக்கும் நியாயம் உண்டு. ஆயினும், ஒரே விடையைக் குறிக்கவேண்டிய தேர்வில் ஒருவனுக்கு மதிப்பெண் போய்விடுகிறது. நேயர்களே, இந்த எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

1935-ஆம் ஆண்டில் பேக்கர், நேதன் என்னும் இரு ஆங்கில வேதியியலார், பென்சைல் புரோமைடுகள் பிரிடினோடு வினைபுரியும் வேகத்தை அளந்தனர். எலெக்ட்ரானை மிகுதியாக வழங்குவது மூவிணைய பியூட்டைல் தொகுதி என்றே அதுகாறும் கருதப்பட்டது. அளவையோ அதைத் தலைகீழாக்கியது. மெத்தில் தொகுதியே முந்தி நின்றது. மெத்திலில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று; பியூட்டைலின் அந்த இடத்திலோ ஒன்றுகூட இல்லை. அப்பிணைப்பின் எலெக்ட்ரான்களே அண்டைக்குப் பெயர்கின்றன என்று அவர்கள் முடிவு செய்தனர். 1939-இல் அமெரிக்கரான மல்லிகன் இதற்கு ஹைப்பர்கான்ஜுகேஷன் என்று பெயரிட்டார். ஹைட்ரஜனோடு உள்ள பிணைப்பை அழித்து வரையும் படங்கள் ‘பிணைப்பில்லா உடனிசைவு’ எனப்பட்டன. படம் வரைந்தால் எண்ணலாம். எண்ண முடிந்தால் வினாவும் கேட்கலாம் அல்லவா?

எண்ணிக்கைக்கு அளவை ஓரளவு துணை நிற்கவே செய்கிறது. 1930-களில் ஹார்வர்டில் கிஸ்தியாகோவ்ஸ்கி குழுவினர் ஆல்கீன்களின் ஹைட்ரஜனேற்ற வெப்பத்தை அளந்தனர். வெப்பம் குறையக் குறைய மூலக்கூறு நிலைப்பு மிக்கது என்று பொருள். மோலுக்கு எத்திலீனுக்கு 32.8 கிலோகலோரி, மூன்று ஹைட்ரஜன் உள்ள புரோப்பீனுக்கு 30.1; ஒன்பது உள்ள இரு-மெத்தில்-இரு-பியூட்டீனுக்கு 26.9, பன்னிரண்டு உள்ள டெட்ராமெத்தில் எத்திலீனுக்கு 26.6. முதல் மூன்று ஹைட்ரஜன்கள் 2.7 அளவு குறைத்தன. கடைசி மூன்றோ 0.3 அளவே!

இதனினும் வியப்பானது மூவிணைய பியூட்டைல் எத்திலீன். எண்ணும் விதிப்படி அதற்குக் கிடைப்பது சுழி. அளந்த வெப்பமோ 30.3; ஏறத்தாழ புரோப்பீனின் அளவே. கார்பன்–கார்பன் பிணைப்பும் எலெக்ட்ரானை ஈயவல்லது. நம் விதி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிணைப்பின் இயல்பே இவ்வேறுபாடுகளுக்குப் போதிய விளக்கம், ஹைப்பர்கான்ஜுகேஷன் வேண்டியதில்லை என்று டியூவர் 1962-இல் ஒரு நூலே எழுதி வாதாடினார்.

வரலாற்றின் குறும்பு ஒன்றும் உண்டு. பேக்கரும் நேதனும் கண்ட அந்த வரிசை, பெரும்பாலும் கரைப்பானின் விளைவு எனப் பின்னர்த் தெரிந்தது. வாயு நிலையில் மூவிணைய பியூட்டைலே முந்துகிறது. பிறப்பித்த சான்று தளர்ந்தும் கருத்து தளரவில்லை. 1993-இல் மூவிணைய பியூட்டைல் கார்போகேஷனைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, கார்பன்களுக்கு இடையேயான தொலைவு சுமார் 1.44 ஆங்ஸ்ட்ராம் எனக் கண்டனர். சாதாரண ஒற்றைப் பிணைப்போ 1.54. மூன்று மெத்தில்களும் உண்மையிலேயே நெருங்கிவந்து எலெக்ட்ரானை ஈந்துகொண்டிருந்தன.

ஆகவே வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ‘மூல அமைப்பு நீங்கலாக’ என்ற இரண்டு மூன்று சொற்களை வினாவில் சேர்த்துவிடுங்கள். தோழர் இருவருக்கும் பூசல் இராது.