கறுப்பு மரணமும் ஒரு செப்பு வாஷரும்

வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு பானட்டைத் திறக்கிறீர்கள். 'சஸ்... சஸ்...' என்று ஒரு சத்தம். கூடவே புகை நாற்றம். இன்ஜினை அணைத்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டரைச் சுற்றி, தார் ரோடு போட்ட மாதிரி கன்னங்கரேலென்று ஏதோ இறுகிக் கிடக்கிறதா? இங்கிலாந்தில் மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வேன் வைத்திருப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் 'பிளாக் டெத்'. கறுப்பு மரணம். 14-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக்கின் பெயர்! கொஞ்சம் ஓவர்தான். ஆனால், அந்த இன்ஜெக்டரை வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற முயன்றவரைக் கேளுங்கள். 'சரியாத்தான் வெச்சிருக்காங்க' என்பார்.

குழிக்குள் சும்மா செருகி வைத்த ஒரு குச்சி. அது ஏன் வர மறுக்கிறது? அதற்கு 1893-ம் வருட ஜெர்மனிக்கு, ஆக்ஸ்பர்க் நகரத்துக்குப் போகவேண்டும்.

ருடால்ஃப் டீசலின் யோசனை எளிமையானது. காற்றை மட்டும் அழுத்து, அழுத்து என்று அழுத்தினால் அது கொதிக்கும். அதில் எரிபொருளை விட்டால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே வேண்டாம். சொல்ல எளிது. காற்று நிரம்பிய டயருக்குள் எண்ணெய் ஊற்ற முடியுமா? உள்ளே இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் தள்ளினால்தான் போகும். அதுவும் பனிப்புகை மாதிரி பொடிந்து போகவேண்டும். ஆகஸ்ட் 10-ம் தேதி நடந்த முதல் சோதனையில் அழுத்தத்தை அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது.

மனிதர் விடவில்லை. 1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதத்தை அந்த இன்ஜின் வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் இதில் பாதியைத் தொடுவதற்கே திணறின.

ஆனால், ஒரு ஓட்டை இருந்தது. எரிபொருளை உள்ளே ஊதுவதற்கு டீசல் பயன்படுத்தியது அழுத்தப்பட்ட காற்றை. அதற்குத் தனி கம்ப்ரஸர். இன்ஜின் சம்பாதித்ததில் ஒரு பங்கை அது வட்டிக்காரன் மாதிரி எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி. ரோட்டில் ஓடும் வண்டியில் அவ்வளவு பெரிய சாமானை எங்கே வைப்பது?

1913, செப்டம்பர் 29. ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து கிளம்பிய 'டிரெஸ்டன்' கப்பலில் டீசல் ஏறினார். கழுத்துவரை கடன். காலையில் அறையில் ஆள் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். தற்கொலையா, வேறு ஏதாவதா? இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை.

அவர் விட்ட இடத்தில் கை வைத்தவர், ஸ்டட்கார்ட்டின் ராபர்ட் பாஷ். இதில்தான் வேடிக்கை. பாஷ் பணம் பார்த்ததே பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவில். தீப்பொறியே தேவைப்படாத இன்ஜினில் அவர் 1922-ல் முதலீடு செய்ய முடிவெடுத்தார்! 1927-ல் பாஷ் பம்ப் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவரத் தொடங்கியது. கம்ப்ரஸருக்கு விடை. பம்ப் நேரடியாக டீசலை அழுத்த, சின்ன முனை அதைப் பொடித்துத் தூவியது. லாரிகள் பிழைத்தன. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி காரும் வந்தது.

ஒரே தாவாக 1997. 'காமன் ரெயில்' முறை ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ் கார்களில் நுழைந்தது. அழுத்தம் 1,350 பார். உங்கள் கார் டயரில் இருப்பது 2 சொச்சம்! (ஓடும் இன்ஜினில் குழாய் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிடாதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.)

இவ்வளவு பெரிய சமாசாரத்தின் அடியில், எரியும் அறையின் வாயு மேலே வராமல் தடுப்பது ஒரே ஒரு மெல்லிய செப்பு வாஷர். ஸ்ப்ரின்டரில் அதை அழுத்திப் பிடிப்பது ஒரு கவ்வியும் ஒற்றை போல்ட்டும். பிடி தளர்ந்தால் வாயு இன்ஜெக்டரின் ஓரமாக ஏறும். கரியும் எண்ணெயும் சூட்டில் வெந்து, அலுமினிய ஹெட்டோடு இன்ஜெக்டரைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடும்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கம்பியை விட்டு நெம்புவார்கள். அலுமினியம் உடையும். அல்லது இன்ஜெக்டரின் மேல்பாதி மட்டும் கையோடு வரும். அப்புறம் ஹெட்டையே இறக்கவேண்டும். அனுபவசாலிகள் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரு ராத்திரி ஊறப்போடுவார்கள். இன்ஜினைச் சூடாக்கி அணைப்பார்கள். பிறகு கவ்வியைக் கழற்றி, இன்ஜெக்டரை இப்படியும் அப்படியும் இம்மியளவு திருப்புவார்கள். மறுபடி எண்ணெய். கடைசியில், தண்டில் சறுக்கி மேல்நோக்கி இடிக்கும் சுத்தியலை மாட்டி, 'டக்... டக்...' என்று பொறுமையாக இழுப்பார்கள். நாள் கணக்கில் ஆனாலும் அவசரப்பட மாட்டார்கள்.

வெளியே வந்ததும் குழியின் அடியைச் சுத்தமாகத் துடைத்து புது வாஷர், புது போல்ட். பழைய போல்ட் இழுபட்டிருக்கும், மறுபடி போடக்கூடாது. பழைய வாஷரைத் தூக்கியெறியும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் செம்பின் குறுக்கே, ஓர் இடத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். வாயு தப்பிய வழி அதுதான்.