பழவேற்காட்டில் ஓர் இரவு

பருத்திப்பட்டிலிருந்து கட்டுச் சோறும் ஜமக்காளமுமாகக் குடும்பத்தோடு புறப்பட்டுப் பழவேற்காட்டில் ஓர் இரவு தங்கினோம்.

1613-இல் டச்சுக்காரர் அங்கே எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைகளோ கம்பீரமாக நிற்கின்றன; வாயிலில் இரண்டு எலும்புக்கூடுச் சிற்பங்கள் காவல்!

"யாரப்பா இவர்கள்?" என்றாள் மகள்.

"துணி வாங்க வந்த வியாபாரிகள், அம்மா!"

துணி மட்டுமா வாங்கினார்கள்? பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தால் விலைபோன ஏழைகளை ஆயிரக்கணக்கில் இங்கிருந்து கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அதையும் சொன்னேன்.

"அந்த ஏழைகளின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?"

கம்பெனியின் கணக்குகளில் அவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். அதைக் குழந்தையிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.