சாவி முதல்ல, பூட்டு அப்புறம்

வருஷக் கணக்கு முடிச்சு நிமிர்றதுக்குள்ள பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க மக்களே.

மாடி வீட்டுப் பையனுக்கு வயசு 19. தசரா குஸ்தி பார்த்து வளர்ந்தவன். கரடி மனையை (மைசூரில் குஸ்திக்கூடத்துக்கு அதான் பேரு, கரடியெல்லாம் கிடையாது) விட்டுட்டு ஜிம்முக்குப் போறான். ஞாயித்துக்கிழமை செல்போனோட வந்தான். "அங்கிள், ஐபமோரெலின், ஜிஹெச்ஆர்பி-6, எது பெட்டர்? கம்பேர் பண்ணிச் சொல்லுங்க." ரெண்டுமே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிற ஊசி மருந்து. நான் படிச்சது பி.காம்! சரின்னு உக்காந்து படிச்சேன்.

கதை சுவாரசியம். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது பிட்யூட்டரியில். அதுக்கு உத்தரவு போடுற பொருள் 1982-ல்தான் கிடைச்சுது. அதுவும் மூளையில் இல்ல, கணையத்தில் வந்த கட்டியில்! அதில் வந்த செர்மோரெலின் 1997-ல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அமெரிக்காவில் அனுமதி வாங்கி, 2008-ல் விற்பனை நின்னுது. டெசமோரெலினுக்கு 2010-ல் அனுமதி, எச்.ஐ.வி நோயாளிகளின் வயித்துக் கொழுப்புக்கு மட்டும்.

பையன் கேட்டது வேற வம்சம். நியூ ஆர்லியன்ஸில் சிரில் பவர்ஸ், வலி குறைக்கிற என்கெஃபலின் மூலக்கூறை மாத்தி மாத்திப் பார்த்து, 1984-ல் ஜிஹெச்ஆர்பி-6-ஐ எழுதினார். ஆறே அமினோ அமிலம். ஹார்மோன் சுரந்துது, ஆனா எந்தப் பூட்டைத் திறக்குதுன்னு யாருக்கும் தெரியல. பூட்டு கிடைச்சது 1996-ல். உடம்போட அசல் சாவியான கிரெலினை 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடிச்சாங்க, இரைப்பையில்! பசி ஹார்மோன் அது. ஜிஹெச்ஆர்பி-6 போட்டா அகோரப் பசி எடுக்கிறது அதனாலதான்.

ஐபமோரெலின் 1998-ல் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் தந்தது. கார்ட்டிசாலை அதிகம் கிளப்பாதுன்னு நல்ல பேர். குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் குடலை இயங்க வைக்குமான்னு சோதிச்சாங்க. 2014-ல் வந்த முடிவில் குறிப்பிடும்படியா பலன் இல்ல. நம்ம பாஷையில், லோன் ஃபைல் பாதியில் நின்னுபோச்சு. ரெண்டுமே வாடாவின் தடைப் பட்டியலில் வேற இருக்கு.

இதையெல்லாம் சொன்னேன். "ஏற்கனவே வாங்கிட்டேன் அங்கிள்"னான். குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல"ன்னு போட்டிருக்கு. ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கானாம். அவங்க அம்மாகிட்ட சொல்லவா வேணாமான்னு மூணு நாளா யோசிக்கிறேன். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?