நரம்பணுப் பிணையத் தொடர்புப்போக்கில் பிழை களைதல்

நரம்பணுப் பிணையத் தொடர்புப்போக்கு என்பது ஓர் அளவை மற்றோர் அளவிலிருந்து மதிப்பிடச் செயற்கை நரம்பணுப் பிணையத்தைப் பயன்படுத்தும் புள்ளியியல் முறையாகும். ஆர் மென்பொருளில் இதற்கு 'என்நெட்' என்னும் நிரல் தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. பிரையன் ரிப்ளி, வில்லியம் வெனபிள்ஸ் ஆகியோரின் ஆக்கமான இத்தொகுப்பு, ஒரே ஒரு மறை அடுக்கு கொண்ட பிணையத்தை அமைக்கிறது.

நீலகிரி மலை இரயில் பாதை நல்ல எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்தில் சுமார் 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 46 கிலோமீட்டர் கடந்து, உதகமண்டலத்தில் சுமார் 2,200 மீட்டரை அடைகிறது. கல்லாறு வரை ஏறத்தாழச் சமதளம். அங்கிருந்து குன்னூர் வரை பற்சட்டத்தின் துணையுடன் செங்குத்தான ஏற்றம். பின்னர் ஏற்றம் தணிகிறது. தொலைவைக் கொண்டு நிலையத்தின் உயரத்தை மதிப்பிட நேர்கோடு போதாது.

எல்லா விடையும் 1

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. உயரங்களை அப்படியே கொடுத்தால், மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை எல்லா நிலையங்களுக்கும் உயரம் 1 என்றே விடை வரும். வெளியீட்டு அலகு இயல்பாக லாஜிஸ்டிக் சார்பைப் பயன்படுத்துவதே காரணம். அதன் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையிலேயே அமையும். 330-ஐயும் 2,200-ஐயும் எட்ட முயலும் பிணையம் 1-இல் முட்டி நிற்கிறது. அங்கே சரிவு ஏறத்தாழச் சுழியமாதலால் மென்பொருள் 'ஒருங்கியது' என்றே அறிவிக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. 'லின்அவுட்' என்னும் தெரிவை 'ட்ரூ' என மாற்றினால் வெளியீடு நேரியலாகி இச்சிக்கல் தீரும்.

அளவு மாற்றம்

தொலைவை மீட்டரில் (0 முதல் 46,000 வரை) கொடுத்தால் மறை அலகுகள் தெவிட்டிவிடும். அப்போது மேட்டுப்பாளையம் தவிர்த்த எல்லா நிலையங்களுக்கும் பெரும்பாலும் ஒரே உயரம் கிடைக்கும். உள்ளீட்டை 0 முதல் 1 வரையிலான வீச்சுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உயரத்தையும் அவ்வாறே மாற்றினால், விடையை மீண்டும் மீட்டருக்குக் கொண்டுவர மறக்கலாகாது.

ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் விடை

தொடக்க எடைகள் சமவாய்ப்பு முறையில் தேர்வாகின்றன. ஆகவே ஒவ்வோர் ஓட்டத்திலும் விடை வேறுபடலாம். 'செட்.சீட்' கட்டளை ஒரே விடையைத் திரும்பப் பெற உதவும். அது சரியான விடை என்பதற்கு உறுதி அன்று. இயல்பான 100 சுழற்சிகளில் கணிப்பு முடியாவிட்டால் 'மேக்ஸ்இட்' மதிப்பைக் கூட்டலாம்.

மிகைப்பொருத்தம்

ஐந்து மறை அலகுகள் இருந்தால் எடைகள் 16. பாதையின் நிலையங்களோ ஏறத்தாழ ஒரு டசன்தான். இத்தகைய பிணையம் தரவை மனப்பாடம் செய்துவிடும். அலகுகளைக் குறைப்பதும், இயல்பாகச் சுழியமாக உள்ள 'டிகே' மதிப்பைச் சற்றே உயர்த்துவதும் உதவும்.

இதைச் சோதிக்க, கேத்திக்கும் உதகைக்கும் இடையிலுள்ள லவ்டேல் நிலையத்தை விலக்கிவிட்டுப் பயிற்றுவித்து, அதன் உயரத்தைக் கணிக்கச் செய்யலாம். வெவ்வேறு தொடக்க எடைகளுடன் பத்து முறை ஓட்டும்போது விடைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் சிதறினால் அப்பிணையத்தை நம்ப இயலாது. பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றமே 12-க்கு 1, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 83 மீட்டர். எனவே நிலையங்களுக்கு இடையே அதைவிட வேகமாக ஏறும் வளைகோடு, நிலையங்களில் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் தவறானதே.