ஐப்பசியில் ஈனும் மறிகள்

 

மழைக்கு முன்னம் ஆட்டுக்கொட்டிலைச் சரிபாருங்கோ என்று நாலு வரி எழுதத்தான் இருந்தேன். அது ஊர்ச் சரித்திரமாக நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கோ.

யாழ்ப்பாணச் செம்மறிக்குக் கம்பளி இல்லை. சிறிய உடம்பு, வெயிலைத் தாங்கும். இறைச்சிக்கு மட்டும் அதை வளர்க்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தப் புகையிலைக்கு எரு வேண்டும். தோட்டத்தில் இரவிரவாகப் பட்டி அடைத்தால் எருவும் சலமும் அதே மண்ணில் சேரும். கோப்பாய்ச் செம்மண்ணின் வளத்தில் ஆட்டுக்கும் பங்கு உண்டு.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வைகாசியில் கிடாயோடு சேர்ந்த மறி ஐப்பசியில் ஈனும். மாரி மழையும் அப்போதுதான். நனைந்த குட்டி குளிரில் விறைத்துச் சாகும். அதனால் புரட்டாசியிலேயே கொட்டிலுக்குப் புது ஓலை வேய்ந்து, நிலத்தை மேடாக்கிவிட வேண்டும். கடைசி ஆறு வாரத்தில்தான் வயிற்றுக்குள் குட்டி வேகமாக வளரும். பூவரசு, முள்முருக்குக் குழையோடு கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும் வையுங்கோ. ஈன்றதும் குட்டிக்குக் கடும்புப்பால் கிடைக்கவேண்டும்.

1990 ஒக்டோபர் 30, அதே ஐப்பசி. யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மறி அப்போது நிறைசினை. உம்மா கதவைப் பூட்டவில்லை, முதலில் அதன் கயிற்றை அவிழ்த்தா. அதற்குப் பிறகு அதை நாங்கள் காணவில்லை.

பல வருடம் கழித்துக் கோப்பாயில் படிப்பிக்க வந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் அவிழ்த்துவிட்டனான் தம்பி" என்றா. அது 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் மழைக்குள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த இரவு. 1996 சித்திரைக்குப் பிறகு ஆச்சி திரும்பிவந்தபோது கொட்டில் மட்டும் நின்றதாம்.

ஐந்து வருட இடைவெளியில் இரண்டு ஐப்பசி. நாள் ஒன்று, கயிறு அவிழ்த்த கையும் ஒரே மாதிரி. எங்கள் பிள்ளைகள் முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்தே அறியவேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கதை இருந்தால் கீழே எழுதுங்கோ. வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். அதற்கு முன்னம், கொட்டில் ஓலையை ஒருக்கால் பாருங்கோ.